நான் அழாத அழுகை

ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வது என் சுபாவம். சிகாகோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கூட்டத் தேவையே இருக்கவில்லை.

1939. ரேடியோ நாடகங்களில் குழந்தையாக அழுவதுதான் என் பிழைப்பு. அப்போது நான் முப்பத்தைந்து வயதுப் பொம்பளை, எடை நூற்றுத் தொண்ணூறு பவுண்டு. மைக் முன்னால் ஒரு சின்னத் தலையணையில் முகத்தைப் புதைத்து நான் அழ ஆரம்பித்தால் மூன்று மாநிலத்துப் பசுக்கள் பால் சுரக்கும். நேயர்கள் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகளை வைத்து ஒரு பட்டாளத்துக்கே கால் மூடலாம்.

‘நோராவின் வீடு’ தொடரில் நோராவாக நடித்தவள் மேவிஸ். முந்தின வருஷம் அவளுடைய சொந்தக் குழந்தை இறந்தே பிறந்தது என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். அதன் பிறகு நாடகத்துக் குழந்தை டோபிதான் அவளுக்கு எல்லாம். நான் தலையணையில் அழும்போது என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வசனம் பேசுவாள்.

ஒரு வியாழக்கிழமை, டோபி சாக வேண்டும் என்று கதை எழுதி வந்தது. காசு போடும் சோப்புக் கம்பெனியின் விருப்பம்.

“வேண்டாம் கார்ல்டன். வேற யாரையாவது கொல்லுங்க. என்னையே கொல்லுங்க,” என்றாள் மேவிஸ்.

இயக்குநர் கார்ல்டன் கடிகாரத்தைப் பார்த்தார். “உன்னைக் கொன்னா சோப்பு யாரும்மா வாங்குவா?”

கதவு, காலடி, மழை என்று எல்லாச் சத்தமும் எழுப்புகிற டஃபி என் பக்கம் திரும்பினான். “கேட்டியா கிழட்டுப் பாப்பா? இன்னையோட உன் சோறும் போச்சு.”

“உன் தகரத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டு வா. சேர்ந்தே பிச்சை எடுக்கலாம்.”

மேவிஸ் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரே நாடகத்தை இரண்டு முறை நேரடியாக நடிப்போம். முதலில் கிழக்குப் பக்கத்து ஊர்களுக்கு. மேற்குக் கரையில் பொழுது தாமதமாக விடிவதால், அவர்களுக்காக மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

முதல் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நோரா தொட்டிலில் குனிகிறாள். மௌனம். “போயிட்டான்” என்கிறாள். ஆர்கன் இசை. டோபி செத்தான்.

இரண்டாம் முறை. மாலை நான்கு இருபத்தாறு. எனக்கு வேலை இல்லை. மேவிஸ் கேட்டதற்காக உடன் இருந்தேன். என் தலையணை எதிரே நாற்காலியில் கிடந்தது.

நோரா குனிந்தாள். மௌனம்...

ங்...

ங்கே...

டஃபி என்னை முறைத்தான். நான் உதடுகளை விரலால் அழுத்திக் காட்டினேன்.

ங்கே... ங்கே...

என் அழுகை ஆறு மாதக் குழந்தையின் அழுகை. நன்றாகப் பால் குடித்துக் கொழுத்த அழுகை. இது மெல்லியது. மூச்சுக்குத் தவிப்பது. பிறந்து சில நிமிடங்களே ஆன குரல்.

தலையணைப் பக்கமிருந்து வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் கார்ல்டன் கழுத்தை அறுப்பதுபோல் சைகை செய்தார். நிறுத்து.

எதை நிறுத்துவது?

மேவிஸின் கையிலிருந்து காகிதங்கள் விழுந்தன.

“இருக்கான்... அம்மா இங்கதான்டா இருக்கேன்.”

மைக் திறந்திருந்தது. கிழக்கே செத்த குழந்தை மேற்கே பிழைத்துவிட்டது.

அவள் நாற்காலிக்கு மேலே கைகளை நீட்டி அள்ளினாள்.

வெறும் காற்று.

அழுகை சற்றுத் தள்ளிப் போனது.

அங்கே ஓடினாள்.

இன்னும் தள்ளி...

சுவரோரம்...

நின்றுவிட்டது.

மறுநாள் மேற்குக் கரைக்கு மட்டும் அறிவிப்பாளர் மூன்று வரி வாசித்தார். ராத்திரியில் டோபி இறந்துவிட்டான். நோராவாக வேறு ஒருத்தி பேசினாள். வேண்டுமென்றே அழுதேன் என்று என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மேவிஸ் அதன் பிறகு மைக் பக்கமே போகவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்பாள்.

“சத்தியமா நீ அழலையே?”

“அழல மேவிஸ்.”

“அப்போ அவன் எங்கடீ?”

இருபத்திரண்டு வருஷம் கேட்டாள். எந்தக் கதையையும் பெருக்கிச் சொல்லும் எனக்கு, இதற்கு ஒரு பொய்கூட வரவில்லை.

1961இல் அவளை அடக்கம் செய்தோம். கல்லறை வாசலில் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேவிஸின் பிரசவத்தில் இருந்த நர்ஸாம்.

“செத்துப் பிறந்ததுன்னு அவங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. அது உயிரோடதான் பிறந்துச்சும்மா. தேறாதுன்னுட்டார் டாக்டர். துணியில சுத்தி ஓரமா வச்சோம். ரொம்ப நேரம் அழுதுச்சு.”

“யாரும் தூக்கலையா?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அன்னைக்கு ஏகப்பட்ட பிரசவம். யாருக்கும் கை ஒழியல.”