தொதலுக்குள் வைத்த எண்ணெய்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவூதியிலோ இருப்பார். லீவு முடிந்து ஒருவர் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், முந்தின நாளே அக்கம்பக்கத்தார் பொட்டலங்களோடு வந்துவிடுவார்கள். ஒருத்தி மகனுக்குக் கருவாடு கொண்டுவருவாள், இன்னொருத்தி தம்பிக்கு இட்லிப் பொடி. எல்லாம் முப்பது கிலோவுக்குள் அடங்க வேண்டும். எதுவும் ஒழுகக் கூடாது, உடையக் கூடாது.

அதற்கு என்னிடம் சில சட்டங்கள் உண்டு. அட்டைப்பெட்டியோடு வருகிற எதையும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் வைப்பேன், அது வீண் எடை. கண்ணாடிப் பாட்டில் என்றால் மூடியில் டேப் சுற்றி, இரண்டு பாலித்தீன் உறை போட்டு, தொதல் டப்பாவின் நடுவில் புதைத்துவிடுவேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற எங்கள் ஊர்த் தொதல், ஆறின பிறகு அல்வாவைப் போலப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விமானத்திலிருந்து பெட்டியை எப்படித் தூக்கிப் போட்டாலும் பாட்டில் பிழைத்துக்கொள்ளும். இந்த யோசனை என்னுடையது. இப்போது தெருவே இப்படித்தான் கட்டுகிறது.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் என் மருமகனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன் என் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வலது முழங்கால். ராமநாதபுரத்து எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். அவர் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றைப் புண்ணாக்கியது. மாடிப்படி ஏறாமல் சமாளித்தேன். மீன் வாங்க வாசலில் நிற்காமலும் சமாளித்தேன், மீன்காரரை அடுப்படி ஜன்னலுக்கே வரவழைத்தேன். ஆனால் தொழுகையில் சஜ்தாவுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டி வந்ததே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் இருந்தபடி தலையைக் குனிகிறபோது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப் போல எனக்கே தோன்றும்.

என் மகள் செல்போனில் தேடி ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாவைப் பிடித்தாள். வீடியோவில் பார்த்தார். நான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். காலுக்குச் சில பயிற்சிகள் சொன்னார். நாலு நாளில் ஒரு சின்னப் பாட்டில் தபாலில் வந்தது. நாக்குக்கு அடியில் காலையில் இத்தனை சொட்டு, ராத்திரி இத்தனை சொட்டு. கசப்பும் பச்சிலை வாடையுமாக இருந்தது. மூன்றாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலில் ஒட்டியிருந்ததைப் படிக்க முயன்றேன்.

"ஏம்புள்ள, இது என்ன எலையில செஞ்சது?"

"கஞ்சா எல உம்மா. ஆனா அந்த மாதிரி இல்ல."

"எந்த மாதிரி இல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் நான் ஏச ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கடற்கரையில் கஞ்சா என்றால் இலங்கைக்குப் போகிற வள்ளம், துரத்துகிற போலீஸ், மறுநாள் பேப்பரில் மூட்டைகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நிற்கிற ஆட்கள். அந்த வரிசையில் என்னையும் நிறுத்திப் பார்த்தேன். புர்காவோடு, கையில் சொட்டு மருந்தோடு. மூன்று நாளாகச் சாப்பிட்டிருக்கிறேனே என்று வாயை நாலு தடவை கொப்பளித்தேன்.

டாக்டரம்மாவே பொறுமையாக விளக்கினார். அந்தச் செடியில் போதை ஏற்றுகிற சரக்கு வேறு, வலியைத் தணிக்கிற சிபிடி என்கிற சரக்கு வேறு. இந்த மருந்தில் சிபிடிதான் பிரதானம். அரசாங்க உரிமத்தோடு செய்து, மருத்துவர் சீட்டின் பேரில்தான் தருகிறார்கள். நான் விடவில்லை. என் வீட்டுக்காரரைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி ஆலிம்சாவிடம் கேட்கச் சொன்னேன். மருந்தாக, மருத்துவர் சொன்ன அளவில், புத்தி மயங்காமல் இருந்தால் சாப்பிடலாம் என்று அவர் சொன்னாராம். எனக்குப் புத்தி மயங்கவில்லை. மகளை முன்னைவிட நன்றாகவே ஏச முடிந்தது.

வலி போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் வாய் காய்ந்ததுதான் மிச்சம். மூன்றாவது வாரம் ஒருநாள் விடிகிற வரை முழிக்காமல் தூங்கியிருக்கிறேன் என்று எழுந்த பிறகுதான் தெரிந்தது. வலி இருந்தது, ஆனால் அடுத்த வீட்டு டிவி மாதிரி இருந்தது, நம் வேலையைப் பார்க்கலாம். தூக்கம் வந்ததால் பயிற்சி செய்யத் தெம்பு வந்தது, பயிற்சி செய்ததால் கால் கொஞ்சம் மடங்கியது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டரை மாதம் கழித்து ஒரு அஸர் தொழுகையில் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் சஜ்தா செய்தேன். எழுந்திருக்கக் கட்டிலைப் பிடித்தேன், அது வேறு விஷயம். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் லீவில் வந்திருந்தார். துபாயில் ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் லீவு முழுக்க எங்கள் வீட்டில்தான் இருப்பார். ஆனால் மாமியார் மருமகன் எதிரில் வருவதும் நேருக்கு நேர் பேசுவதும் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. இப்போது நிறையப் பேர் இதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரை தொங்கும். அவருக்கு என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்பேன், அவர் மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். ஒன்பது வருடமாக அவர் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை.

இந்த லீவில் அவருக்கு இடுப்பு வலி என்பது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானே கண்டுகொண்டேன். என்ன செய்வது? மருமகனைக் கூப்பிட்டு இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவா முடியும்? மருந்துக்கு டாக்டர் பார்த்து அளவு சொல்ல வேண்டும் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கேட்ட மருந்து அவருக்கும் கேட்கும் என்று நினைத்தேன். அந்த மாதம் வந்த இரண்டு பாட்டில்களில் பிரிக்காத ஒன்றை எடுத்தேன். அட்டைப்பெட்டியையும் அதிலிருந்த காகிதங்களையும் தூக்கிப் போட்டேன். டேப் சுற்றி, உறை போட்டு, தொதலுக்குள் புதைத்தேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மகளைவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கார் கிளம்பியது. மருமகன், மகள், என் வீட்டுக்காரர் மூவரும் மதுரை விமான நிலையத்துக்குப் போனார்கள். நான் பாத்திரங்களைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது டாக்டரம்மாவின் வீடியோ கால் வந்தது, மாதாமாதம் பார்ப்பதுதான். கால் மடங்குவதைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். நல்ல வேளை, நான் அதோடு நிறுத்தவில்லை.

"ஒங்க மருந்து அவ்வளவு நல்லாருக்கும்மா. மருமகனுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பிருக்கேன், துபாய்க்கு."

அவர் முகம் மாறியது. "அம்மா, அவரு கிளம்பிட்டாரா? அந்த ஊர்ல இதக் கொண்டுபோறது பெரிய குத்தம். சீட்டு இருந்தாலும் கேக்க மாட்டாங்க. பிடிச்சா ஜெயில்தான்."

சீட்டா? சீட்டு குப்பைத்தொட்டியில் இருந்தது. பாட்டிலோ பெட்டியில்லாமல், காகிதமில்லாமல், இனிப்புக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தது. கடத்துகிறவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டான்.

மகளுக்குப் போன் அடித்தேன். அடுப்படியில் ஃபிரிட்ஜ் மேல் மணி கேட்டது. சார்ஜ் போட்டவள் எடுக்காமலே போயிருக்கிறாள். என் வீட்டுக்காரர் செல்போனை அணைத்தே வைத்திருப்பார், இல்லாவிட்டால் சார்ஜ் வீணாகிவிடுமாம். கார் டிரைவர் நம்பர் என்னிடம் இல்லை. காலண்டரின் ஓரத்தில், அவசரத்துக்கு என்று மகள் எழுதிவைத்த மருமகன் நம்பர் மட்டும் இருந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். கொஞ்சம் ஜெயிலை நினைத்து, கொஞ்சம் வெட்கத்தில். அந்த நேரத்திலும் வெட்கம் வந்தது, பாருங்கள்.

"ஹலோ, யாரு?"

"நான்தான். மாமி."

"மாமி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். பாவம், மாமியாரே கூப்பிட்டால் அது மௌத்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பெட்டிய யாருகிட்டயும் குடுத்துறாதீங்க மாப்பிள. எங்கன நிக்கிறீங்க?"

"ஏர்போர்ட் வாசல்ல. இப்ப உள்ள போகணும். மாமா துஆ ஓதிக்கிட்டு இருக்காங்க, முடியட்டும்னு நிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் பயண துஆவைத் தொடங்கினால் ஊரில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஓதுவார். முப்பது வருடமாக அதற்காக அவரைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பு வலி, எண்ணெய், இலை, ஜெயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எந்த டப்பா மாமி?" என்று மட்டும் கேட்டார்.

பெட்டியில் தொதல் டப்பா மூன்று இருந்தது. ஒன்று அவருக்கு, மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் பாட்டில் புதைத்தது நான்தான். எதில் எது என்று சுத்தமாக நினைவில்லை. பெட்டி கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொன்னேனே, அந்தப் பெருமை அந்த இடத்தில் முடிந்தது.

மருமகன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். கயிறு அறுக்கிற சத்தமும், "உம்மா, ஒனக்கு அறிவிருக்கா" என்ற மகளின் குரலும், நடுவில் என் வீட்டுக்காரரின் துஆவும் கேட்டன. மருமகன் தொதலுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஒண்ணு தட்டுப்படுது மாமி."

"அதுதான், எடுங்க."

"ஊறுகா மாமி."

அடுத்த டப்பாவில் தலைவலித் தைலம். பாதுகாப்புக்காரர் ஒருவர் வந்து என்ன நடக்கிறது என்று கேட்பது கேட்டது. மருமகன், "எங்க மாமியோட மருந்து சார், தெரியாமப் பெட்டில வந்துருச்சு, வீட்டுக்கே திருப்பி அனுப்புறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். முழங்கை வரை தொதலோடு நிற்கிற மனிதரை அவர் என்ன செய்வார், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்றாவது டப்பாவின் அடியில் இருந்தது.

"கெடச்சிருச்சு மாமி. அவகிட்டக் குடுத்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். "என்னைய மன்னிச்சுக்கங்க மாப்பிள. ஒங்க பொழப்பையே கெடுக்கப் பாத்துட்டேன்."

"விடுங்க மாமி, தெரியாமச் செஞ்சதுதான." போனைக் கையில் எடுத்து ஸ்பீக்கரை அணைத்திருக்கிறார், குரல் பக்கத்தில் வந்தது. "எனக்கு இடுப்பு வலின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நான் அவகிட்டகூடச் சொல்லலயே."

"யாரும் சொல்லல. கூடத்துல தொழுதுட்டு எந்திரிக்கிறப்ப தெர இடுக்கு வழியாப் பாத்தேன். போன லீவுல ஒரு கையத் தரையில ஊனுனீங்க. இந்த லீவுல ரெண்டு கையும் ஊனுறீங்க."

வலியோடு குனிந்து எழுகிறவரை எனக்கு அடையாளம் தெரியாதா? பேசத் தொடங்கிவிட்டோம், இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்து, "எங்கன வலிக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமி."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"எடது பக்கம்," என்றார். "சாமான் தூக்குனா கால் வரைக்கும் இழுக்குது. ரெண்டு வருசமாச்சு மாமி. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிருவாங்களோன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."