பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு சாட்சி

பதிவு அலுவலகத்தில் அவளை எல்லோரும் வில்லங்கத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடோ மனையோ வாங்கப் போகிறவர்கள், அது யார் பெயரில் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அதன்மேல் கடன் கிடன் உண்டா என்று பார்த்துச் சொல்ல அவளைத் தேடி வருவார்கள். வில்லங்கம் பார்த்துப் பார்த்தே அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. "கட்டிக்கிட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும், இவங்க இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்பார் அவள் கணவர்.

முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பாள். இப்போது சிரிக்கவும் தெம்பில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதிய பதிவுகள் கணினிக்கு வந்துவிட்டாலும் பழையவை இன்னும் பின்கட்டு அறையில், இரும்பு அலமாரிகளில்தான் இருந்தன. குனிந்து, நிமிர்ந்து, தும்மி, பக்கம் புரட்டி வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். இந்த வருஷத்தோடு போதும் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு நாளில்தான் வாத்தியார் வந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே தானாக முளைத்த மரம் வேரை நீட்டி இவர் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பிளந்துவிட்டது.

"அந்த வீட்டை வாங்கிடலாம்னு பாக்குறேன். ஆனா யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல. தெருவுல யாருக்கும் தெரியல."

"சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கயும் இல்ல சார். பாப்போம்" என்றாள். சொல்லிவிட்டு அலமாரி அறையை நினைத்ததுமே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

பதிவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பிள்ளையில்லாத ஒரு மனிதர், கூடப் பிறந்தவளின் மகளுக்கு அந்த வீட்டை எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விற்கவில்லை, அடமானம் வைக்கவில்லை. ஆனால் பத்திரத்தில் அந்த மருமகளுக்குக் கொடுத்திருந்த முகவரியும் அதே பூட்டிய வீடுதான். அந்தப் பெண்ணை எங்கே போய்ப் பிடிப்பது?

நகராட்சியில் வரி வாங்குகிறவரிடம் போனாள். வரி பாக்கி இல்லை என்றார் அவர்.

"பூட்டின வீட்டுக்கு யாருங்க கட்டுறது?"

"மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்காரே, அவர்தான். ஒரு வருஷம் தவறுனதில்ல."

கடை ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, தலை நரைத்த ஒருவர் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது.

"அது எங்க அக்கா வீடு. என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"வரி நீங்கதான் கட்டுறீங்கன்னு சொன்னாங்களே."

"அது... வரி ஆபீஸ் நான் போற வழியிலதான இருக்கு. கட்டிட்டு வந்துடறேன்."

எந்தப் பக்கம் போனாலும் அது வழியில் வராது. பஸ்ஸில் இடிபட்டு வந்த வில்லங்கத்தக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அக்காவின் விலாசத்தை மட்டும் கேட்டாள். அவர் யோசிக்காமல் சொன்னார்.

"தையல் வேலை பாக்குது. மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது, பாத்து ஏறுங்க."

மூன்று மாடியும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கதவைத் திறந்த தையல்காரம்மா இவளைப் பார்த்ததும் முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டாள். பிறகுதான் யார் என்று கேட்டாள். அறை முழுக்க வெட்டிய துணி. விஷயத்தைச் சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த வீடு இன்னும் இருக்கா? வரி கட்டாம எப்பவோ ஏலத்துல போயிருக்கும்னு நெனச்சேன்."

"உங்க தம்பி கட்டிட்டு வர்றாரும்மா."

தையல்காரம்மா எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"மாமா படுக்கையில கெடந்தப்போ நான்தான் கூட இருந்தேன். குளிப்பாட்டி, துடைச்சு, எல்லாம். அவர் செத்த அன்னைக்கு, எல்லார் முன்னாடியும் இவன் சொன்னான், 'மருந்து ஊத்தி ஊத்தியே கையெழுத்து வாங்கிட்டா'ன்னு. அன்னைக்குப் பூட்டினதுதான். சாவிய எங்க போட்டேன்னுகூட ஞாபகமில்ல. அப்புறம் அவன்கூடப் பேச்சு வார்த்தையே இல்ல."

வில்லங்கத்தக்கா தண்ணீர் குடித்தாள். இப்படி எத்தனையோ வீட்டுக் கதை அவள் காதில் விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். இன்றும் அப்படியே போய்விடலாம் என்றுதான் பார்த்தாள்.

"விக்கறீங்களாம்மா? அத மட்டும் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"விக்கறேன்." தையல்காரம்மா திரும்பினாள். "ஆனா பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து அவன் போடணும். இல்லேன்னா அந்த மரம் அவங்க கூரை மேலயே விழுந்தாலும் எனக்குக் கவலையில்ல."

"சாட்சிக்கு யார் வேணா போடலாம்மா. அவர்தான் போடணும்னு சட்டம் இல்ல."

"எனக்கு இருக்கு."

ஆக, மறுபடியும் பஸ். காயில்காரர் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார், முடியாது என்றார். அடுத்த வாரம் போனபோது கடையில் இருந்துகொண்டே, இல்லை என்று வேலைக்காரப் பையனிடம் சொல்லச் சொன்னார். அவர் குரல் உள்ளேயிருந்து நன்றாகவே கேட்டது. "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று வீட்டில் கணவர் அவள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தபடி கேட்டார். வாத்தியாரிடம் முடியாதென்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பஸ் மாறி மாறிப் போய் வரி கட்டிய ஒரு மனிதனை அவளால் மறக்க முடியவில்லை.

கடைசியாக ஒருமுறை போனாள். இந்த முறை கடை வாசலில் இருந்த ஒரு பழைய மோட்டார்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வார்த்தையச் சொன்னவனே நான்தாம்மா" என்றார் காயில்காரர், கம்பியைப் பார்த்துக்கொண்டே. "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அது முன்னாடி போய் நிக்கிறது?"

அவளுக்கு அலுத்துவிட்டது. "மூஞ்சி வேணாம்ண்ணே. கையெழுத்து போதும். என்னால இனிமே உங்க அக்கா வீட்டுப் படி ஏற முடியாது."

அவர் அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு, "என்னைக்கு?" என்றார்.

பதிவு நாளன்று இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் வாத்தியாரும் அவர் மனைவியும் விஷயம் புரியாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். முறை வந்து உள்ளே போனதும், பதிவு அதிகாரி பத்திரத்திலிருந்து தலை தூக்காமலே கேட்டார்.

"சாட்சி யாரு? நீங்களா? விக்கிறவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன உறவு?"

காயில்காரர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமையிழந்து செருமினார்.

"அக்கா" என்றார் காயில்காரர். அதிகாரியிடம் சொன்ன பதிலா, பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டதா என்று பிரிக்க முடியவில்லை. தையல்காரம்மா மட்டும் சட்டென்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது.

வெளியே வந்ததும், "பஸ்லயா வந்தே?" என்று தம்பி கேட்டார்.

"ஆமா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் வாசல் வரை சேர்ந்து நடந்தார்கள். அவள் பஸ் வரும்வரை அவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வாத்தியார் ஓடி வந்து, இப்போது மரத்தை வெட்டலாமா என்று கேட்டார். தாராளமாக வெட்டுங்கள் என்றாள் வில்லங்கத்தக்கா. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய், தன்னைத்தானே திட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பி வந்தாள்.

சில மாதங்கள் கழித்துத் தையல்காரம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தாள். தம்பி வருகிறாரா என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றான். உக்காந்திருக்கான். போறான். இன்னும் சரியாப் பேச வரல ரெண்டு பேருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வாரம் தையல் மிஷின் மோட்டாரைக் கழட்டிப் போட்டு உக்காந்துட்டான். நல்லா ஓடிக்கிட்டு இருந்த மோட்டார். இப்ப ஓட மாட்டேங்குது" என்றாள்.

வில்லங்கத்தக்கா சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்ததால் விலா வலித்தது.