மஞ்சள் விளக்கடியில் தெய்வாத்தாள்

வளையத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வாயால் ஊதி, துணியால் ஒற்றி எடுக்கிறார் தெய்வாத்தாள். திருப்பி வைத்து மறுபடி ஊதுகிறார். குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதவிசு. அதற்குப் பிறகுதான் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வைத்து, மேலே தடித்த கண்ணாடி வட்டத்தை மெதுவாக இறக்குகிறார்.

கணபதி என்ற ஊர்ப் பக்கம் பம்புகளுக்குச் சீல் வளையம் செய்யும் பட்டறை அது. தண்ணீர் கசியாமல் காக்கும் அந்த வளையத்தின் முகத்தில் துளி மேடுபள்ளம் கூடாது. பார்த்துச் சொல்வது இவர் வேலை. கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவே சிக்கிய காற்று ஓரிடத்தில் மெல்லிசு, ஓரிடத்தில் கொஞ்சம் தடிமன். மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிட, அங்கே கருப்புக் கோடுகள் விழுகின்றன. வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்தால் இருட்டு எப்படி வரும்? பட்டறையைப் பார்க்கப் போன எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"எனக்குந் தெரியாதுங்க. கோடு நேரா இருந்தா மட்டம், வளைஞ்சா கோணை. நமக்கு அது போதுமுங்க" என்றார்.

அவருக்கே போதவில்லை. இவ்வளவு குழம்பிய மனுஷியை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. வளையங்களைத் தேய்த்து மட்டமாக்கும் அமீர் ஹம்சாவின் வேலை சில வாரமாகக் கோணையாகவே தெரிகிறது. இந்த லோடும் இப்படிப் போனால் மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி ரவிதேஜா சொல்லிவிட்டார். அதிலிருந்து ஹம்சா இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடக் கூடாதே என்று, அவர் தேய்த்த வளையங்களை இவர் இன்னும் அழுத்தித் துடைத்து, இன்னும் நேரம் பொத்தி வைத்திருந்து பார்க்கிறார். கோடுகள் இன்னும் அதிகமாக வளைகின்றன. கண்ணில்தான் கோளாறு என்று லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் நன்றாக இருக்கிறதாம். அதில் அவருக்குப் பெரிய வருத்தம்.

நான் போன அன்றும் ஹம்சாவின் வளையம் ஒன்றில் கோடுகள் வில்லாக வளைந்தன. கழித்த வளையங்களுக்கான சிவப்புத் தட்டில் போட மனசு வராமல், கண்ணாடியோடு அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். காரமடையிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றில் எனக்கும் பங்கு வைத்தார். திரும்பி வந்து பார்த்தால் கோடுகள் நேராக இருந்தன. யாரும் தொடவில்லை. தெய்வாத்தாள் வளையத்தைப் பார்த்தார், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு விரலை வளையத்தின் ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கோடுகள் அந்தப் பக்கமாக நெளிந்தன. விரலை எடுத்துக் காத்திருந்ததும் மெல்ல நிமிர்ந்தன.

அவர் நேராக ஹம்சாவின் மெஷினுக்குப் போனார்.

"பாய், உங்க வேல கோணையில்லீங்க. என்ற கைச் சூடு பட்டுத்தான் வளையம் உப்பியிருக்குதுங்க. நானே வளைச்சுப்போட்டு நானே கழிச்சிருக்கறனுங்க."

ஹம்சா மெஷினை நிறுத்தினார். தெய்வாத்தாள் சிவப்புத் தட்டிலிருந்து ஒரு வளையத்தைத் தாளால் பிடித்தெடுத்து விளக்கடியில் வைத்தார். கண்ணாடியை இறக்கினார். குனிந்து பார்க்கவில்லை. தன் ஸ்டூலை ஹம்சாவுக்கு விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.