கத்தரி அக்காவின் டப்பா

“சார், உங்க வயிறு பேசுது. அதுக்கு முதல்ல ரெண்டு பிஸ்கட் குடுத்துட்டு வாங்க” என்றாள் கத்தரி அக்கா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர், பிடிபட்ட பள்ளிப் பையனைப் போல எழுந்து வெளியே போனார். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால், யாரும் பேசாத வெறும் அறையை அக்கா கொஞ்ச நேரம் பதிந்துகொள்வாள். வாசிப்பவர் இருமியதை வெட்டிய பிறகு அந்த இடத்தில் வைத்துத் தைக்க அந்த மௌனம் வேண்டும். மௌனத்திலும் கலப்படம் கூடாது என்பது அவள் கட்சி.

பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிந்து தரும் ஒலிநூலகம் அது. மாடியில் இரண்டு அறை, சுவர் முழுக்கப் பழைய மெத்தை. வாசிப்பவர்கள் பார்வை உள்ளவர்கள். வாசித்ததை வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் மேசையிலும் கம்ப்யூட்டர் திரை ஒன்று இருக்கிறது, எப்போதும் அணைந்தே கிடக்கும் அதன் மேல் அவளுடைய கைத்துண்டு காயும். எந்தக் கோப்பு, எந்த நொடி, எந்தப் பொத்தான் என்று திரையில் தெரிய வேண்டியதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவள் இடது காதில் ஓதிக்கொண்டே இருக்கும். வலது காதில் கதை ஓடும். விசைப்பலகையில் நகப்பாலிஷால் வைத்த பொட்டுகளை விரல் தடவும். ஒரு தட்டில் ஆரம்பம், ஒரு தட்டில் முடிவு, இன்னொரு தட்டில் இருமல் காலி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கறுப்புத் திரையும் அக்காவின் சிரிப்பும்தான் தெரியும், பாவம்.

எதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். நமக்கு அது எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இருக்கும், அவளுக்கு அதுதான் பேச்சு. “என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ஒரிஜினல் ஸ்பீடு. அவர் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கையே கழுவிடுவேன்” என்பாள்.

வெட்டியதைத் தூக்கி எறியும் பழக்கமும் கிடையாது. ஏப்பம், தும்மல், பெருமூச்சு, பக்கம் புரட்டும்போது வாய்க்குள் திட்டிய திட்டு என்று சகலத்தையும் பேர் போட்டு ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அதற்கு டப்பா என்று பெயர். ஒருநாள் மேனேஜர் சாப்பாட்டுக்குப் பிறகு விட்ட கொட்டாவியை இழுத்து மெதுவாக்கி, பேய்க்கதையில் குகைக்குள் உறுமும் மிருகமாக்கிவிட்டாள். கேட்டுவிட்டு மேனேஜரே, “எங்கம்மா பிடிச்ச இதை? உடம்பு சிலிர்த்துப்போச்சு” என்றார். “பக்கத்துலதான் சார்” என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

பிஸ்கட் சாப்பிடப் போனவருக்கு பிளாட்பாரம் சார் என்று பெயர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காதல் கதையில் நாயகி வீட்டுக்குள் நுழைந்தால்கூட, இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்கிற தோரணை எட்டிப் பார்க்கும். மற்றபடி குரல் தங்கம். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வர மாட்டார். “இங்க யாரு சார் பார்க்கப் போறா?” என்று அக்கா சீண்டுவாள். “சட்டை கசங்கினா குரலும் கசங்கும்மா” என்பார் அவர். சின்ன வயதில் அவர் அறிவிப்பை நம்பித் தப்பு ரயிலில் ஏறி, தெரியாத ஊரில் போய் இறங்கிய கதையை அக்கா வாரம் தவறாமல் எடுப்பாள். அவரும் தவறாமல், “அன்னைக்கு என் டியூட்டியே இல்ல” என்று மறுப்பார்.

வினை பல்செட் வடிவத்தில் வந்தது. புதுப் பல் கட்டியதிலிருந்து, ‘ச’வில் தொடங்கும் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து மெல்லிசாக ஒரு விசில் கிளம்பியது. அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் வீட்டம்மாவுக்கோ காது மந்தம், அங்கேயும் புகார் இல்லை. ஆனால் துப்பறியும் தொடரைக் கேட்ட அம்மாள் ஒருவர் மேனேஜருக்கு போன் போட்டார். “கதை கேக்கும்போது ரெண்டு தடவை எழுந்து போய் அடுப்பை அணைச்சேங்க. பார்த்தா குக்கரே வெக்கல.”

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். “இன்னொரு புகார் வந்தா தொடரை அவர்கிட்டேருந்து எடுத்துடலாம். மிச்சத்துக்கு மெஷின் குரல் போதும். நீயே பக்குவமா அவர்கிட்ட சொல்லிடும்மா.”

சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலிக்காகத்தான் மனிதர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். போதாததற்கு, அவரை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். தப்பு ரயிலில் ஏற்றிவிட்டாலும் பிடிக்கும். மெஷின் குரல் ஏற்கெனவே நாள் பூராவும் ஒரு காதைப் பிடித்து வைத்திருக்கிறது, இன்னொரு காதையும் அதற்கே எழுதிக் கொடுக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

டப்பாவைத் திறந்தாள். சொந்தப் பல்லோடு அவர் வாசித்த பழைய புத்தகங்களிலிருந்து ‘ச’ சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தாள். அதன்பிறகு அவர் வாசித்த ஒவ்வொரு அத்தியாயத்திலும் விசிலை வெட்டிவிட்டு அங்கே பழைய சொல்லை ஒட்டினாள். சட்டை, சந்தேகம், சவம், சாட்சி. கிழிந்த இடமே தெரியாத தையல். சில அத்தியாயங்கள் ஒரு விசில் இல்லாமல் வெளியே போயின. பிளாட்பாரம் சார் கேட்டுவிட்டு, “குரல் இன்னும் அப்படியே இருக்கு, பார்த்தியா?” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். “இருக்காதா பின்னே” என்றாள் அக்கா.

அப்புறம்தான் அந்தச் சாவி. ஓர் அத்தியாயத்தில் கொலைகாரனை இன்ஸ்பெக்டர் சுவரோடு அழுத்திப் பிடித்து, “சாவி எங்கே?” என்று கர்ஜிக்க வேண்டும். டப்பாவில் துழாவினாள். இடது காதில் மென்பொருள் “சாவி ஒன்று” என்றது. வழக்கம்போல இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டாள், சுத்தமாக இருந்தது, ஒட்டினாள். அந்த வேகத்தில் கோபமும் கொஞ்சலும் ஒரே மாதிரிதான் கேட்கும். ஒரு காதல் நாவலில், புது மாப்பிள்ளை மனைவியின் இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியைக் கெஞ்சிக் கேட்கும் இடத்திலிருந்து எடுத்த சாவி அது.

இந்த முறை புகார் சொன்னவர் கல்லூரி மாணவர். “சார், இன்ஸ்பெக்டர் ஏன் கொலைகாரனைக் கொஞ்சுறார்? ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஹாஸ்டல்ல பந்தயம் கட்டியிருக்கோம்.”

மேனேஜர் இரண்டு பேரையும் தன் அறைக்கு வரவழைத்து ஸ்பீக்கரில் போட்டார். இயல்பான வேகத்தில். “சாவி…” என்று தேன் சொட்டியது. அடுத்த கணமே “எங்கே!” என்று இடி விழுந்தது. அது எந்தச் சாவி என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பும் வந்தது, அதுதான் கொடுமை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இந்த ஒரு வார்த்தை மட்டும் தனியா நிக்குதே. யாராவது கை வெச்சீங்களா?” என்றார் மேனேஜர்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார் பிளாட்பாரம் சார்.

மறுபடியும் தேன், மறுபடியும் இடி. அவர் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. தன் குரலை, பல்செட்டுக்கு முந்திய தன் சொந்தப் பல்லை, அந்தப் பழைய நாவலை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அக்காவுக்கு அந்தக் கிரீச்சிலேயே தெரிந்துபோயிற்று. போச்சு, மனிதர் எழுந்து போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வர மாட்டார் என்று நினைத்தாள்.

“நான்தான் அப்படி வாசிச்சேன்” என்றார் அவர். “போலீஸ்காரன் முதல்ல இனிக்க இனிக்கப் பேசுவான், அப்புறம்தான் அறைவான். ஸ்டேஷன்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். அனுபவம் சார்.” அந்த ‘சார்’ தெளிவாக விசிலடித்தது.

மேனேஜர் சற்று யோசித்தார். “அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுபவத்தைக் காட்டுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். தொடரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

படியிறங்கும்போது பிளாட்பாரம் சார் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். “அந்தத் தப்பு ரயில் கதையை இனிமே நீ எடுக்கக் கூடாது.”

“எடுக்கல சார்” என்றாள் அக்கா. அவர் மேலும் ஏதாவது சொல்வார் என்று நின்றாள். செருப்புச் சத்தம் தெருவில் போய்க் கலந்தது. அன்று வீட்டில் அவள் புருஷன் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அவள் கிண்டல் செய்யவில்லை. அவருக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் கதவைத் திறந்தபோது மைக் அறையில் இஸ்திரிச் சட்டையின் மொடமொடப்பு கேட்டது. அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வயிறு சத்தம் போடவில்லை. அறையில் புதிதாக ஒரு புதினா வாசனை.

“மருந்துக்கடையில பல்செட்டுக்குன்னு பசை விக்கிறான்மா” என்றார். “கொஞ்ச நேரம்தான் பிடிக்குமாம், அப்புறம் தளர்ந்துடும். சீக்கிரம் பதிவு போடு.”

அக்கா விரலால் பொட்டைத் தேடித் தட்டினாள். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சாவி. இது கோபம்.” கொஞ்சம் நிறுத்தினார். “சாவி. இது பயம். சாவி. இது சும்மா, வீட்டைப் பூட்டும்போது. சந்தேகம், நிதானமா. சந்தேகம், பதறிக்கிட்டு. எல்லாத்தையும் உன் டப்பாவில தனித்தனியா பேர் போட்டு வெச்சுக்கோ. காதலுக்குத் தனியா வேணாம், அது உன்கிட்ட ஏற்கெனவே இருக்கு.”

ஒரு விசிலும் இல்லை. அவர் அடுத்த சொல்லுக்கு மூச்சிழுக்க, அக்கா முதல் ‘சாவி’க்குத் திரும்பிப் போனாள். வேகத்தைக் குறைக்கும் விசையைத் தேட வேண்டியிருந்தது, அதற்கு அவள் பொட்டு வைத்திருக்கவே இல்லை. கண்டுபிடித்து, இயல்பான வேகம் வரும்வரை அழுத்தினாள்.