நாற்பது பை கடுக்காய்

எழுபதுகளில் ஜவ்வாது மலையில் கடுக்காய் வியாபாரம் செய்தவர்களில் என்னைத் தெரியாதவர் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புதூர்நாட்டிலிருந்து தலைச்சுமையாகக் கடுக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக்கு இறங்கி இறங்கித் தொழில் கற்றேன். முப்பத்தைந்து வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு குடோன் இருந்தது, சிமெண்ட் களம் இருந்தது, ஒரு பழைய ஜீப்பும் இருந்தது. யாரும் கைதூக்கி விட்டு வந்ததில்லை.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் என் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். தைத்த வாய் தைத்தபடியே தராசில் ஏறும். மற்ற வியாபாரிகள் மேலே நல்ல காயைப் பரப்பி, அடியில் பூச்சி துளைத்ததையும் சுருங்கியதையும் போட்டு அமுக்குவார்கள். என் மூட்டையில் மேலே என்ன இருக்கிறதோ அதுதான் அடியிலும் இருக்கும். என் களத்தில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு காயையும் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் சாக்கு தைக்கப்படும். இந்த நல்ல பழக்கம்தான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கீழே ஒரு யுனிவர்சிடியில் வேதியியல் துறையில் இருந்த பேராசிரியர் ஒருவர், தன்னிடம் ஆராய்ச்சி செய்கிற மாணவியை அழைத்துக்கொண்டு மலைக்கு வந்தார். கடுக்காயில் தோலைப் பதப்படுத்துகிற துவர்ப்பு ஒன்று இருக்கிறது. அது எந்த மரத்தில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. நாற்பது மரங்களைத் தேர்ந்தெடுத்து, அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார்கள். மரம் எனக்குத் தெரியும், பெயிண்ட் அவர்களுடையது. ஒவ்வொரு மரத்தையும் நான்தான் காட்டினேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். அடிவாரத்து ஊர். அப்பா சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். எம்.எஸ்ஸி.யில் யுனிவர்சிடிக்கே முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வாங்கியவள். அதை அவள் சொல்லவில்லை, பேராசிரியர் சொன்னார். என்னைப் போல அவளுக்கும் பின்னால் ஆள் கிடையாது என்பதால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

“உனக்குச் சம்பளம் யாரும்மா குடுக்கறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“டெல்லிலர்ந்து வர்ற பணம்ணா. மூணு வருஷத் திட்டம். ஆனா வருஷா வருஷம் ஒரு ஆபீசர் வந்து பாப்பாரு. வேல சரியா நடந்திருந்தாத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா என் படிப்பு அம்போ. வூட்ல மாமா பையன் ரெடியா கீறான். பணம் வர்ற வரைக்கும் படி, நின்னா தாலின்னு எங்கப்பா கரெக்டா சொல்லிட்டாரு.”

“மாமா பையன் இன்னா பண்றான்?”

“மாமாவுக்குப் பையனா இருக்கறான். அதான் வேல.”

முதல் வருஷம் பறித்த காயை அந்த வாரமே யுனிவர்சிடி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் வருஷம் வேன் கிடைக்கவில்லை. அதனால் நாற்பது துணிப் பைகளில் நாற்பது மரத்துக் காயைக் கட்டி, ஒவ்வொரு பைக்குள்ளும் எண் அடித்த தகரத் துண்டைப் போட்டு, காய்வதற்காக என் குடோனில் மூன்று வாரம் விட்டுவிட்டுப் போனாள்.

“பை மாறிடக் கூடாதுண்ணா. தகரம் மாறிடக் கூடாது. அவ்ளதான்” என்றாள்.

“என் குடோன்ல ஒண்ணும் மாறாது, போய்ட்டு வா” என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஒரு பையும் மாறவில்லை, ஒரு தகரமும் மாறவில்லை. ஆனால் இரண்டாவது வாரம் காய் எப்படிக் காய்கிறது என்று ஒரு பையைப் பிரித்தேன். பகீரென்றது. பாதிக்குப் பாதி சொத்தை. கறுத்தது, பிஞ்சு, புழு துளைத்தது எல்லாம் கலந்து கிடந்தது. அடுத்த பையும் அப்படித்தான். படித்த பிள்ளை, பாவம், மரத்தடியில் கையில் அகப்பட்டதை எல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் குடோனிலிருந்து, அதுவும் யுனிவர்சிடிக்கு, இப்படியா சரக்குப் போவது? நாளைக்கு டெல்லிக்காரன் பையைத் திறந்தால் காறித் துப்ப மாட்டானா?

எட்டுப் பெண்களையும் உட்கார வைத்தேன். ஒரு நேரத்தில் ஒரு பை மட்டும்தான் பிரிக்க வேண்டும், தகரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொத்தையைக் கழித்துவிட்டு, குறைந்த எடைக்கு என் சரக்கிலிருந்து முதல் தரக் காயைப் போட்டு நிரப்பச் சொன்னேன். என் சொந்தச் சரக்கு! ஒரு பைசா கேட்கவில்லை.

களத்துப் பெண்களில் மூத்தவள் ஒருத்தி, வாயாடி. “இன்னா மாமா, பொண்ணுக்குச் சீர் அனுப்பற மாதிரி பாத்துப் பாத்து எடுக்கச் சொல்ற?” என்றாள்.

“படிக்கிற பொண்ணுக்கு இதான்டி சீரு. பேசாம வேலையப் பாரு.”

“எங்களுக்கு ஒருநாளும் இப்டி முதல் தரம் குடுத்ததில்ல நீ.”

“உனக்கு எதுக்குடி கடுக்கா? வாயிலயே வேணுங்கற துவர்ப்பு கீது.”

நாலு நாளில் வேலை முடிந்தது. நாற்பது பையும் தங்கம் மாதிரி மஞ்சள் பூத்து நின்றன. அவள் வந்து என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். பையைப் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கே போய்ப் பிரித்துப் பார்த்து அவளே ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே காயைத் தூள் செய்து புட்டியில் அடைத்தது துறையில் இருந்த உதவியாள். இந்தப் பெண் பார்த்ததெல்லாம் தூள்தான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாசி கடைசியில் ஒரு சரக்கு விஷயமாகக் கீழே போனவன், அப்படியே யுனிவர்சிடிக்கும் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், மறைப்பானேன். ஆய்வுக்கூடத்தில் இருபது பையன்கள், பெண்கள் வரிசையாக நின்று கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்துத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் நோட்டுத் தாளைக் கிழிக்கப் போனான்.

“கிழிக்காத! தப்பா வந்ததும் நோட்ல இருக்கணும். குறுக்க ஒரே கோடு போடு. கீழ இருக்கற நம்பர் தெரியணும்” என்று அதட்டினாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஆனால் முகம் வாடியிருந்தது. பிள்ளைகள் போனபின் தன் மேசைக்கு அழைத்துப் போனாள். நீலமாக இருந்த ஒரு கரைசலில் ஊதாத் தண்ணீரைச் சொட்டவிட்டுக் காட்டினாள். நீலம் பச்சையாகி, திடீரென்று பொன் நிறமானது. எத்தனை சொட்டில் மாறுகிறதோ, அதை வைத்துத் துவர்ப்பைக் கணக்கிடுவார்களாம்.

“போன வருஷம் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி வந்துச்சுண்ணா. அஞ்சாம் நம்பர் மரம் ரொம்பக் கம்மி, இருபதாம் நம்பர் ஜாஸ்தி. இந்த வருஷம் நாப்பது மரமும் ஒரே மாதிரி வருது. மூணு தடவ செஞ்சு பாத்துட்டேன். எங்கயோ என் கை தப்பு பண்ணுது. சார் ஒண்ணும் சொல்லல, ஆனா எங்கிட்ட பேசறதையே குறைச்சுட்டாரு. பங்குனி இருவதாம் தேதி டெல்லி ஆபீசர் வர்றாரு.”

“நல்ல சரக்குன்னா ஒரே மாதிரிதானம்மா வரும்?”

“நல்லது வேணாம்ணா. மரம் இன்னா குடுக்குதோ அது வேணும். சொத்தையும் சேத்துத்தான் அந்த மரம்.”

“சரிம்மா, வர்றேன்” என்று கிளம்பிவிட்டேன். திருப்பத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நான் கெட்டதா செய்தேன்? என் சரக்கைத்தானே போட்டேன்? சமாதானம் திருப்பத்தூர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெண் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு மாமா பையனுக்குக் கழுத்தை நீட்டப் போகிறாள். திருப்பத்தூரில் இறங்கி, மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

பேராசிரியர் அறையில் அவளும் இருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எத்தனை பையில மாத்தினீங்க?”

“நாப்பதுலயும்ங்க.”

“கழிச்ச காய் எங்க?”

“எழுதற மை செய்யறவன் ஒருத்தன் வாங்கிட்டுப் போய்ட்டானுங்க.”

அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே அவரைப் பார்த்து, “அப்ப என் கை தப்பு பண்ணலயே சார்!” என்றாள்.

பேராசிரியருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. “நாற்பதும் ஒண்ணா வந்திருக்கு பாரும்மா. உன் கை அவ்வளவு சுத்தம்” என்றார். என் களத்துப் பெண்களின் கண்ணும் அவ்வளவு சுத்தம் என்று சொல்ல நினைத்தேன். நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆபீசர் வர மூன்று வாரம் இருந்தது. மலையில் கடுக்காய்ப் பருவம் முடிகிற நேரம். ஆனால் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் வெயில் படாத சரிவில் காய் கடைசிவரை மரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எண் போட்ட மரங்களில் பதினாலு அங்கே இருந்தன. மறுநாளே அந்தப் பெண்ணோடு மலையேறி ஜீப்பை எடுத்தேன். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், அப்புறம் நடை. களத்து வாயாடியையும் மரமேறக் கூட்டிக்கொண்டேன். மூன்று மரம் மொட்டையாக நின்றன. பதினொன்றில் காய் இருந்தது.

அங்கேயும் ஒரு கூத்து. வாயாடி கிளையை உலுக்க, கீழே விழுந்ததை நான் அள்ளிப் பையில் போட்டேன். இரண்டாவது மரத்தில் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அண்ணா, இன்னா பண்றீங்க?”

பார்த்தால் என் கை தன்பாட்டுக்குச் சொத்தையைப் புதருக்குள் வீசிக்கொண்டிருக்கிறது. இருபது வருஷப் பழக்கம், கைக்கு யார் சொல்வது?

“கையக் கட்டிக்கினு அந்தாண்ட போய் நில்லுங்க” என்றாள்.

மரத்தின் மேலிருந்து வாயாடி கேட்டாள்: “இன்னா மாமா, ஸ்கூல்ல பாதில வுட்டத இப்ப படிக்கிறியா?”

முதல் இரண்டு மரத்தடியிலும் நான் வீசியதை அவள் பொறுக்கிப் பையில் சேர்த்தாள். மிச்ச ஒன்பது மரத்துக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். சொத்தை, பிஞ்சு, கறுப்பு எல்லாம் என் கண்ணெதிரே பைக்குள் போயிற்று.

பதினொன்றையும் அவள் பக்கத்துத் துறையில் இரவல் வாங்கிய மின் அடுப்பில் உலர்த்தி, தானே இடித்து, சோதித்து முடித்தாள். போன வருஷம் போலவே மரத்துக்கு மரம் வேறுபட்டது. கடைசி மரத்தின் கணக்கு ஆபீசர் வருவதற்கு முந்தின நாள்தான் முடிந்தது.

ஆபீசர் வந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவர் ஒல்லியாக, சிரிக்காத முகமாக இருந்தார். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அவர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். நாற்பது எண்கள், எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கிற எண் தெளிவாகத் தெரிந்தது. ஏன் என்று கேட்டிருப்பார். அவள் எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள் என்பது அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. நடுவில் என்னைக் கையால் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன் மாத்தினீங்கன்னு கேக்கறாரு” என்றார் பேராசிரியர்.

“என் குடோன்லர்ந்து சொத்தக் காய் வெளிய போனதா சரித்திரம் கெடையாதுங்க. அப்டியே சொல்லுங்க” என்றேன்.

அவர் அப்படியே சொன்னார் போலிருக்கிறது. ஆபீசர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

வைகாசியில் ஒரு மதியம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் டெல்லிக் கடிதத்தின் நகல். மூன்றாம் வருஷத்துக்குப் பணம் வந்துவிட்டது. சைக்கிள் கடையிலிருந்து அவள் அப்பா, கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று மாமா வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டாராம். கடிதத்தை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. காய்களை மரத்தடியிலேயே பையிலிட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும், எந்தத் தனியார் கிடங்கிலும் வைக்கக் கூடாது.

“தனியார் கிடங்குன்னா?”

“உங்களுதுதாண்ணா. மலைல வேற எது கீது?”

களத்தில் இருந்த எட்டுப் பெண்களையும் கூப்பிட்டேன். “அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா படிம்மா, இவளுங்க கேக்கட்டும். நம்ம குடோனப் பத்தி டெல்லில சட்டம் போட்ருக்கான்” என்றேன். படித்தாள். வாயாடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அவள் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். அந்தத் துறையில் அந்த வருஷத்துச் சிறந்த ஆராய்ச்சி என்று அவள் வேலைக்குத்தான் பரிசு கிடைத்தது என்றும், பிறகு வேறு ஊரில் பேராசிரியர் ஆனாள் என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால், திட்டத்தின் மூன்றாம் வருஷத் தை மாதம், நாற்பது மரத்துக்கும் அவளோடு நானும் போனேன். ஒவ்வொரு மரத்தடியிலும் அரக்கை உருக்கிக் கொடுத்தது நான்தான். காயைத் தொடவில்லை.