மாமா கரையிறங்கிய வெள்ளிக்கிழமை

தங்கச்சியின் காதுகுத்துக்கு அப்பா, அம்மா, அத்தை, பங்காளிகள், காது குத்தும் ஆசாரி, நான் என எல்லோரும் இருந்தோம். யார் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டுமோ, அந்தத் தாய்மாமன் மட்டும் இல்லை.

மாமா சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. தன் தம்பி மடியில்லாமல் பிள்ளை காதில் ஊசி படக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அத்தை விடுவாளா? "ஏத்தா, ஒந்தம்பி வாரதுக்குள்ள இவ சமைஞ்சுருவா" என்பாள். அம்மா வெந்துபோவாள்.

அப்போதுதான் மாமாவை வேலைக்கு அனுப்பிய ஆபீசிலிருந்து அப்பா போனுக்கு இங்கிலீஷில் மெசேஜ் வந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் ஏழாம் வகுப்பில் இருந்த நான் ஒருத்தன். வருகிற வியாழக்கிழமை மாமா 'அஷோர்' போகிறார் என்றிருந்தது. அகராதியில் தேடினேன். 'கரைக்கு, கரையில்' என்று போட்டிருந்தது. சொன்னேன்.

அவ்வளவுதான். எந்தக் கரை என்று ஒரு மனுஷர் கேட்கவில்லை. மாமா கப்பலேறியது தூத்துக்குடியில். ஆகவே எங்கள் சேவுகம்பட்டிக்குக் கரை என்றால் தூத்துக்குடிதான். வியாழன் இறங்கினால் ராத்திரி வீடு, வெள்ளி காதுகுத்து.

"ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ப்பா" என்றேன்.

"அதான் எழுத்துலயே போட்டுருக்கானே, பெறகென்னத்தக் கேக்க?"

வியாழன் கடைசி பஸ் வரை அப்பா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பினார். அப்போதும் யாரும் விசேஷத்தை நிறுத்தவில்லை. காலை பஸ்ஸில் வந்துவிடுவாராம். வெள்ளி காலை பந்தலில் சனம் நிறைந்து, கறி வெந்து, ஆசாரி இரண்டாவது டீயும் குடித்த பிறகு போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, நேத்தே கரைக்கு விடுறதா இருந்துச்சு. இன்னைக்குத்தான் எறக்கிவிட்டாய்ங்க. சோப்பு கீப்பு வாங்கிட்டு செத்த நேரத்துல ஏறணும்."

"எந்தக் கரை அப்பு?"

"ஆப்பிரிக்காக்கா."

கப்பல்காரர்களுக்குக் கால்படுகிற எந்த மண்ணும் அஷோர்தான். அந்த விவரத்தை அகராதி போட்ட புண்ணியவான் எழுதியிருக்கவில்லை. அத்தை வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டினாள். பந்தலே அடங்கியது.

"என்னக்கா, ஆள் சத்தமா இருந்துச்சு? விசேசமா?"

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்லப்பு. டிவி ஓடுது. நீ சாப்டியா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு டிவியாம். "சொல்லும்மா, எல்லாரும் ஒனக்காகத்தான் காத்துருக்கோம்னு சொல்லு" என்று முந்தானையை இழுத்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அவர் இளைத்துவிட்டாரா, அங்கே வெயிலா, குளிரா என்று நிதானமாக விசாரித்துவிட்டு வைத்தாள்.

காது குத்தாமலே சனம் கறிச்சோறு தின்று கலைந்தது. தம்பியைத் திட்ட வேண்டியவள், சாயங்காலம் வரை அவன் குரல் தெளிவாகக் கேட்டதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மாமாவிடம் இன்றுவரை யாரும் சொல்லாத அந்த விசேஷத்துக்கு ஆன செலவு, பதினெட்டாயிரம் ரூபாய்.