சுலைஹா கேட்ட காற்று

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் நின்றிருந்தேன். சுலைஹாவின் மகள் வந்து, "பெரியம்மா, உம்மா மௌத்தாப் போயிட்டாங்க" என்றாள். சாவுச் செய்தி கேட்டு நின்றதில் குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை. பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் எங்கள் சந்தில் குடியிருந்த எல்லாருக்கும் சுலைஹாவைத் தெரியும். கிழிந்ததெல்லாம் அவளுடைய தையல் மெஷினுக்குத்தான் போகும்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது என்னோடு முதலில் பேசியவள் அவள். மற்றவர்கள் "தோட்டக்காரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சந்து முனையில் பூச்சிமருந்துக் கடை. வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்காக மூட்டை மருந்தைப் பின்கட்டில் கொட்டிப் பொட்டலம் போடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் தும்முகிறார்கள் என்று முதலாளி பின்சுவரை உடைத்துப் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினார். அது தூளையெல்லாம் இழுத்து எங்கள் சந்தில் தள்ளியது. சோற்றுப்பானை மூடியில் வெள்ளையாகப் படியும்.

வாசலுக்குத் திரை போட நினைத்தோம். துணிக்கும் கூப்பனோடு வரிசையில் நின்ற காலம் அது. முதலாளியிடம் சாக்குக் கேட்டோம். "கொண்டு போங்க, கொசுவும் அண்டாது" என்று மருந்து வந்த சாக்குகளையே கொடுத்தார், தர்மவான்! சுலைஹா அவற்றை உதறிப் பிரித்து வீட்டுக்கு வீடு திரை தைத்தாள். கொசு நிஜமாகவே செத்து விழுந்தது. "பாத்தீங்களா அக்கா, என் தையலப் பாத்து கொசுவே மயங்குது" என்றாள். சந்தே சிரித்தது.

அந்த மழைக்காலத்திலேயே அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. கை நடுங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. டாக்டர், "குளிர்தான்" என்றார். அவர் வீடு மேட்டில், நல்ல காற்றில் இருந்தது. நெடி திரையிலிருந்தும் வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. கழற்றி எரித்தோம். அந்தப் புகையையும் நாங்களே குடித்தோம்.

ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"முதலாளி, அந்த ஃபேனக் கூரைக்கு மேலயாவது வைங்க."

"மருந்துக் கடைன்னா வாடை இருக்கத்தாம்மா செய்யும். வர்றவங்க முகத்தச் சுளிச்சா யாவாரம் என்னாகிறது?"

"வர்றவங்க வாங்கிட்டுப் போயிருவாங்க. நாங்க இங்கேயே படுத்துத் தூங்குறோமே!"

முதலாளி கடைப் பையனைக் கூப்பிட்டார். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். "தேத்தண்ணி வேணாம், காத்துத்தான் வேணும்" என்று இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் படி ஏறவில்லை. கடைசி நாட்களில் படுத்தால் மூச்சு முட்டுமென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

ஜனாஸா எடுத்த அன்று முதலாளி மரியாதைக்குக் கடைக்கதவைப் பாதி சாத்தினார். ஃபேனை நிறுத்தவில்லை. அவளை வைத்த சந்தூக்குப் பெட்டி அதன் கீழாகத்தான் போனது. தூக்கியவர்களுக்கு மூக்கைப் பொத்தக் கை இல்லை. இருமிக்கொண்டே அவளைக் கொண்டு போனார்கள்.

முதலாளி கும்பிட்டால் நான் திருப்பிக் கும்பிடுவதில்லை. சுலைஹாவுக்காக என்னால் முடிவது அவ்வளவுதான். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறொன்று. நேற்று விடியும்போது நெஞ்சு விசிலடித்து எழுந்து உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டு அவள் மகள் ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உம்மான்னு நெனச்சிட்டேன், பெரியம்மா."